573 டிகிரியில் துள்ளும் கல்

ஓசூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு மேசைக்குக் கிரானைட் மேல்கல் வாங்கப் போனாராம். ஒரே கல்லை மூன்று விதமாகக் காட்டியிருக்கிறார்கள். முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்டது ஒன்று. உள்ளங்கையை உரசும் ‘ஃபிளேம் ஃபினிஷ்’ ஒன்று. தடவினால் பதப்படுத்திய தோல்போல மெத்தென்று வழுக்கும் ‘லெதர் ஃபினிஷ்’ இன்னொன்று. விலையும் அதற்குத்தான் அதிகம். “மேலே என்ன பூசுகிறார்கள்? நாளாவட்டத்தில் தேய்ந்து போய்விடாதா?” என்பது அவருடைய கேள்வி.

அந்தச் சொரசொரப்பும் மெத்தென்ற வழுக்கலும் பூசி வருவன அல்ல. கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் வேற்றுமைகளை ஒருவர் வெளியே இழுத்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். இழுக்கும் விதத்தில்தான் அழகே இருக்கிறது.

கிரானைட் ஒரு கூட்டுக்குடித்தனம். சின்ன வயதில் இருட்டில் உரசிப் பொறி பார்த்தோமே வெங்கச்சங்கல், அந்தக் குவார்ட்ஸ் அதில் உண்டு. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ட்ஸ்பார் உண்டு. நடுநடுவே காக்காப்பொன் மினுக்கும். உருகிய குழம்பு பூமிக்கடியில் மெல்ல ஆறும்போது ஒன்றின் இடுக்கில் இன்னொன்று வளர்ந்து, ஊசி நுழைய இடமில்லாமல் இறுகிப்போன கூட்டம் இது.

ஃபிளேம் ஃபினிஷ் போடும் பட்டறையில், ஆக்சிஜன் கலந்து எரியும் வாயுத் தீயை ஸ்லாபின் மேல் சாய்வாகப் பிடித்து நகர்த்திக்கொண்டே போவார்கள். கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். பொடிப்பொடிச் சில்லுகள் தெறிக்கும். தீ கடந்துபோன இடம் கரடுமுரடாக வெளிறிக் கிடக்கும்.

அங்கே துள்ளுவது குவார்ட்ஸ். அதன் அணுச்சட்டகம் சாதாரண வெப்பநிலையில் சற்றே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சூடு ஏற ஏற முறுக்கு தளர்கிறது. 573 டிகிரி செல்சியஸில் மிச்சம் மீதி முறுக்கும் சட்டென்று விட்டுப்போய்ச் சட்டகம் நிமிர்ந்துவிடுகிறது. ஒரு பிணைப்புகூட அறுவதில்லை. ஆறவிட்டால் அதே 573-இல் திரும்ப முறுக்கிக்கொள்ளும். ஆய்வகங்களில் வெப்பம் அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க இந்தத் துள்ளலைப் பயன்படுத்தும் அளவுக்கு அது நாணயமானது. இன்னொரு வியப்பு: 573-ஐத் தாண்டிவிட்டால் குவார்ட்ஸ் விரிவதை ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறது.

அறை வெப்பநிலையிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போவதற்குள் குவார்ட்ஸின் கனஅளவு 4 முதல் 5 சதவீதம் கூடுகிறது. பக்கத்திலிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே விரிகிறது. அங்கேதான் சண்டை.

முகூர்த்த நாளில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கிளம்பும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுவிட இடமில்லை. மூன்று பேருக்கு ஒருவர் குவார்ட்ஸ். சூளகிரி தாண்டியதும் குவார்ட்ஸ் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தோளை விரிக்கிறார்கள். நடுவில் நிற்பவர் எவ்வளவு விரித்தாலும் நாலு பக்கமும் ஆள். நெரிசல்தான் கூடும், யாரும் நகர முடியாது. படிக்கட்டில் தொற்றி நிற்பவருக்கு மட்டும் ஒரு பக்கம் வெறும் வெளி. பிடி நழுவி அவர் வெளியே போய் விழுவார், பக்கத்து ஃபெல்ட்ஸ்பார்காரரின் சட்டைப் பையையும் கிழித்துக்கொண்டு. கல்லிலும் அதே கதைதான். மேற்பரப்பிலுள்ள மணிகளுக்குத்தான் ஒரு பக்கம் திறப்பு. தவிர, கல் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள். தீ நகர்ந்துபோவதற்குள் சூடு உள்ளே எட்டுவதில்லை. பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வாசலில் நடந்ததே தெரியாது. மேலே சில மில்லிமீட்டர் தெறித்த பிறகும் ஸ்லாப் முழுசாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 573 என்ற எண்ணை மந்திரம்போலச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அதற்கு வெகுமுன்பே, ஏறும் வழியிலேயே விரிசல்கள் தொடங்கிவிடுகின்றன. 573 கடைசித் தள்ளு.

வரலாறு கொஞ்சம். குவார்ட்ஸின் இந்தத் துள்ளலை 1889-இல் பதிவு செய்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே. ஆனால் அவரைக் கேட்டுக்கொண்டா நம் ஊர்க் கல்தச்சர்கள் தீ மூட்டினார்கள்? பெங்களூருப் பக்கத்துக் குவாரிகளில் விறகுத்தீயைப் பாறைமேல் மெல்ல நகர்த்தி, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, பாறையைப் பலகையாக உரித்தெடுத்ததை 1895-இல் வார்த் என்பவர் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் மலையின் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு, பலகைக்கல் எடுக்கும் கை இந்த வட்டாரத்தில் எவ்வளவு பழையது என்று சொல்லத் தேவையில்லை.

பட்டறைத் தீயைக் கறுப்புக் கல்லில் காட்டினால் அந்தத் தாளிப்புச் சத்தம் வராது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிடைக்கும் ‘பிளாக் கிரானைட்’ கடைக்காரர் வாயில்தான் கிரானைட். புவியியல்படி அது டாலரைட். குவார்ட்ஸ் அதில் இல்லாததற்குச் சமம். துள்ள ஆளில்லாத பஸ்.

இனி லெதர் ஃபினிஷ். இதில் தீயின் இடத்தைத் தூரிகை எடுத்துக்கொள்கிறது. வைரத்துகளோ வேறு உரைபொருளோ பதித்த இழைகள் சுழன்று கல்லைத் தேய்க்கின்றன. மென்மையான கனிமமான காக்காப்பொன் முதலில் தேய்கிறது. ஃபெல்ட்ஸ்பார் எதிர்த்து நிற்கிறது. குவார்ட்ஸ் இன்னும் கெட்டி. கல் மேடும் பள்ளமுமாகிறது, ஆனால் ஒவ்வொரு மேட்டின் தலையும் வழுவழுப்பு. விரல் அந்த அலையை உணர்கிறது, நகத்துக்கு மாட்ட எதுவுமில்லை. நிறம் பாழாகாததும் இதனால்தான். ஃபிளேம் போட்ட கல் வெளிறுவது, நுண்விரிசல்கள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால். அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், பழைய நிறம் திரும்பி வரும். தண்ணீர் விரிசல்களை நிரப்பிச் சிதறலைக் குறைக்கிறது. உலர்ந்தால் மறுபடி வெளுப்பு.

இதற்குமேல் விளம்பரத் தாளில் வருகிற நேர்மறை ஆற்றல், கிருமியை விரட்டும் குணம் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். ‘எந்தச் சூட்டையும் தாங்கும்’ என்பதிலும் பாதிதான் உண்மை. கொதிக்கிற ரசச்சட்டி 100 டிகிரி. 573 எங்கே, இது எங்கே. ஆனால் விரிசலை மறைக்கப் பல ஸ்லாப்களில் பிசின் நிரப்பியிருப்பார்கள். காய்ந்த இரும்புத் தோசைக்கல்லை அப்படியே வைத்தால் முதலில் நிறம் மாறுவது அந்தப் பிசின். ஒரு மணை போட்டு வையுங்கள்.

விலைப்பட்டியலில் வராத ஒன்று தூசி. குவார்ட்ஸை உலர வெட்டினாலும் தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்துச் செய்யும் செயற்கைக் கல்லில் இந்த ஆபத்து பன்மடங்கு. அதனால்தான் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அதைத் தடை செய்திருக்கிறது. இயற்கைக் கல்லிலும் தண்ணீர் விட்டு வெட்டினால்தான் தூசி அடங்கும். மேசைக்கல் பார்க்கப் போகும்போது, முடிந்தால் பட்டறைவரை போய், வெட்டும் இடத்தில் தண்ணீர் ஓடுகிறதா, வேலை செய்பவர் முகத்தில் தகுந்த முகமூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். காசு கொடுப்பவர் கேட்டால் காதில் விழும்.

வாசகருக்கு: சாப்பாட்டு மேசைக்கு ஃபிளேம் வேண்டாம். மணிகள் தெறித்துப்போன ரவையளவுக் குழிகளில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. அதை வாசற்படிக்கும் குளியலறைக்கும் வையுங்கள். ஈரத்தில் கால் வழுக்காது. மேசைக்கு லெதர் போடலாம். தேய்ந்து போய்விடுமா என்று பயப்பட வேண்டாம். துடைக்கிற துணிக்குக் குவார்ட்ஸைத் தேய்க்கும் வலு கிடையாது.