இல்லத்தில் ஒரு திரைவிழா

அக்டோபர்த் திங்கள் முதல் நாள், குழந்தை இயேசுவின் புனித தெரேசாளைத் திருச்சபை நினைவுகூரும் நாள். செபமாலை மாதம் பிறப்பதும் அன்றுதான். நடிகர் திலகம் என்று தமிழுலகம் போற்றிய சிவாஜி கணேசன் 1928-ஆம் ஆண்டில் பிறந்ததும் அதே நாளில்தான். மறுநாளோ காந்தியடிகள் பிறந்த நாள். பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் விடுமுறை. இவை எல்லாம் கூடிவரும் அந்த இரு நாட்களில், கீழ்க்கட்டளையில் உள்ள எங்கள் சிறு இல்லத்தில் ஆண்டுதோறும் ஒரு திரைவிழா நடைபெற்று வருகிறது.

விழா என்றதும் பந்தலும் ஒலிபெருக்கியும் ஆளுயரப் படமும் வாசகர்களின் நினைவுக்கு வரலாம். எங்கள் விழாவில் அவை எவையும் இல்லை. கூடத்துச் சுவரில் வெளுத்த வேட்டி ஒன்று, எதிரே வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் ஒன்று, தரையில் பாய்கள், முதியோருக்கு நாற்காலிகள், இடைவேளையில் சுண்டலும் தேநீரும். உற்றாரும் அண்டை வீட்டாருமாக முப்பது பேருக்கு மேல் கூடத்தில் இடமில்லை. இத்தனை எளிய ஏற்பாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். அதற்கான விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் உள்ளது.

தொடங்கிய விதம்

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ 1964-இல் வெளிவந்த படம். அது புதுப்பிக்கப் பெற்று 2012 மார்ச்சுத் திங்களில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அப்போது எங்கள் அன்னையாருக்கு எழுபத்தெட்டு வயது. மூட்டுவலியோடு திரையரங்கின் படிகளை ஏறி இறங்கிய அவர், வீடு திரும்பியதும், “இதை எல்லாரும் நம் வீட்டிலேயே சேர்ந்து பார்க்க முடியாதா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியே விழாவுக்கு வித்தாயிற்று.

அன்னையாரின் கேள்விக்குள் ஓர் ஏக்கமும் இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பின்னர் பல ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருவுக்கு ஒன்றாக இருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சாதி மத வேறுபாடின்றி எல்லாரும் அமர்ந்திருந்தோம் அல்லவா? இன்றோ ஒரே வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு கைபேசிகள், நான்கு திரைகள். ஒருவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதை மற்றவர் அறியார்.

முதல் ஆண்டு எங்கள் ஆர்வம் அளவு கடந்தது. இரண்டு நாளில் ஏழு படங்கள்! அக்காலப் படம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். நான்காம் படத்திலேயே பிள்ளைகள் மொட்டைமாடிக்கு நழுவிவிட்டனர். பெரியவர்கள் உட்கார்ந்தபடியே உறங்கினர். மைத்துனர் ஒருவர் மக்கள் திலகம் எம்.ஜி.ஆரின் அன்பர். சிவாஜிக்கு மட்டும் விழாவா என்று அவர் தொடங்கிய வாதம், உணவு வேளை வரை நீடித்தது. மறு ஆண்டு முதல் ஒரு நாளைக்கு ஒரே படம் என்றும், படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் உரையாடல் என்றும் வரையறுத்துக்கொண்டோம்.

நடிகருக்கு விழா தகுமா?

பங்கில் எங்களுக்கு வேண்டிய பெரியவர் ஒருவர், “செபமாலை மாதத்தில் நடிகனுக்கு விழா எடுப்பது கத்தோலிக்கக் குடும்பத்திற்கு அழகா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடிகர்களின் உருவங்களுக்குப் பாலூற்றும் வழக்கத்தைக் கண்டவர்கள் நாம். ஆகையால் எங்கள் கூடத்தில் நடிகரின் படத்திற்கு மாலை இல்லை, விளக்கும் இல்லை. செபமாலை சொல்லி முடித்த பின்னரே புரொஜெக்டர் எரியும்.

ஆனால் திருச்சபை திரைப்படத்தை ஒதுக்கியதில்லை என்பதையும் அப்பெரியவரிடம் பணிவுடன் எடுத்துரைத்தோம். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936-இலேயே திரைப்படத்தைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுமடல் வரைந்தார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. திரைப்படம் தோன்றிய நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் நாற்பத்தைந்து சிறந்த படங்களைப் பட்டியலிட்டது. அப்போது திருத்தந்தையாக இருந்த இரண்டாம் அருள் சின்னப்பர், போலந்து நாட்டில் நாசி ஆதிக்கத்தின்கீழ் மறைவாக நாடகம் நடத்திய இளைஞர்களுள் ஒருவர். புனித தெரேசாளும் லிசியே கார்மேல் மடத்தில் தாமே எழுதிய நாடகத்தில் 1895-இல் ஜோன் ஆஃப் ஆர்க்காக வேடம் தரித்தவர்தாம். உரோமை நடிகராயிருந்து மறைச்சாட்சியானார் என மரபு கூறும் புனித ஜெனேசியுஸை நடிகர்களின் பாதுகாவலராகத் திருச்சபை வணங்குகிறது. தாலந்தை மண்ணில் புதைக்காமல் பெருக்கிய ஒருவனின் உழைப்பைக் கண்டு மகிழ்வதில் தவறென்ன?

பெரியவர் மறு ஆண்டு தாமே வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

படங்களைத் தேர்ந்த விதம்

சிவாஜி நடித்த படங்கள் 280-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஆண்டுக்கு இரண்டைத் தேர்வது எளிதன்று. ஒரு குடும்பம் தன்னையே அடையாளம் காணக்கூடிய கதையா என்பதே எங்கள் முதல் அளவுகோல். பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ 1961-இல் வந்தது. அண்ணன் தங்கை உள்ள எந்த வீட்டையும் அது தொடாமல் விடாது. பி. மாதவன் இயக்கத்தில் 1970-இல் வந்த ‘வியட்நாம் வீடு’, பணி ஓய்வு பெற்ற ஒருவர் தம் வீட்டிலேயே மதிப்பிழப்பதைக் காட்டுவது. அதைத் திரையிட்ட ஆண்டு, அண்மையில் ஓய்வு பெற்ற அண்டை வீட்டு நண்பர் தம் மனத்தில் இருந்ததை முதன்முறையாகத் தம் மக்கள் முன்னிலையில் பேசினார்.

‘நவராத்திரி’ சிவாஜியின் நூறாவது படம், 1964-இல் வெளிவந்தது. ஒன்பது இரவுகளில் ஒரு பெண் சந்திக்கும் ஒன்பது மனிதர்களாகவும் அவரே நடித்தார். ஒவ்வொரு வேடமும் எந்தச் சுவைக்கு உரியது என்று பிள்ளைகள் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஒரு விளையாட்டு. அந்த ஆண்டு அடுத்த வீட்டுக் கொலுவிலிருந்து வந்த சுண்டலே எங்கள் இடைவேளைச் சிற்றுண்டியாயிற்று.

“இவர் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறார்?” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தவர் அவர். கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் குரல் எட்டவேண்டிய மேடைகளில் வளர்ந்தவர் என்று விளக்குவோம். அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் வீரசிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் சூட்டிய பெயரே சிவாஜி என்பதையும் சொல்வோம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திற்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றவர் அவர். அந்த முழக்கத்தைக் கேட்ட பிறகு, பாரதிராஜா இயக்கிய ‘முதல் மரியாதை’யில், 1985-இல், அதே மனிதர் எவ்வளவு அடங்கிப் பேசுகிறார் பாருங்கள் என்போம்.

குறைகளையும் மறைப்பதில்லை. பெண் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதே பெருமை என்று சொல்லும் காட்சிகள் அப்படங்களில் உண்டு. எங்கள் பெண்மக்கள் அவற்றை எதிர்த்துப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும்.

எங்கள் குற்றம்

இனி, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம்.

எங்கள் தமையனார் குரோம்பேட்டையில் வாழ்ந்தவர். அவருடைய ஒரே மகள் தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டாள். மணமகன் நம் மறையைச் சேர்ந்தவரே. நல்ல பணியில் இருப்பவர். நாள் தவறாமல் செபிக்கும் குடும்பம். ஆனால் சாதி வேறு. ஒரே நற்கருணைப் பந்தியில் முழந்தாளிடும் நம்மிடையே இந்த நோய் இன்னும் இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. தமையனார் திருமணத்திற்குச் செல்லவில்லை. மகள் பெருங்களத்தூரில் குடியேறினாள். குரோம்பேட்டையிலிருந்து மின்சார இரயிலில் அது மூன்றாவது நிலையம். அந்த மூன்று நிலையங்களை அவர் ஆறு ஆண்டுகள் கடக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? விழாவின் முதல் நாளுக்கு மகளை அழைத்தோம். இரண்டாம் நாளுக்குத் தமையனாரை அழைத்தோம். இருவரும் எதிர்ப்படாமல் பார்த்துக்கொண்டதைச் சாமர்த்தியம் என்று எண்ணியிருந்தோம். பிளவை நீக்க வேண்டிய நாங்கள் அதற்குக் கால அட்டவணை வகுத்துக் கொடுத்தோம்! அன்னையார் மட்டும் ஒவ்வோர் ஆண்டும், “இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிடக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

2016-ஆம் ஆண்டு இரண்டாம் நாள் ‘ஞான ஒளி’ திரையிட்டோம். பி. மாதவன் இயக்கி 1972-இல் வந்த படம். வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய நாடகத்திலிருந்து உருவானது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட புதினத்தின் சாயல் கதையில் உண்டு. அதே புதினத்தைத் தழுவி 1950-இல் வந்த ‘ஏழை படும் பாடு’ படத்தில் காவல் அதிகாரியாக நடித்தே சீதாராமன், ஜாவர் சீதாராமன் ஆனார். ‘ஞான ஒளி’யில் சிவாஜி, கோயில் மணியடித்தும் சவப்பெட்டி செய்தும் வாழும் அந்தோணியாக வருகிறார். மகள் மேரியாகச் சாரதா. காவல் அதிகாரி லாரன்சாக மேஜர் சுந்தரராஜன். சிறைப்பட்டுத் தப்பிய அந்தோணி, பல ஆண்டுகளுக்குப் பின் வேறு பெயருடன் செல்வனாகத் திரும்புகிறான். மகள் கண்முன்னே இருக்கிறாள். ஊரார் முன்னிலையில் ‘நான் உன் தந்தை’ என்று சொல்ல அவனால் இயலவில்லை.

அந்தக் காட்சியில் தமையனார் எழுந்து மொட்டைமாடிக்குச் சென்றார். படம் முடிந்து உரையாடல் நடந்தபோதும் அவர் வாய் திறக்கவில்லை. எல்லாரும் விடைபெற்ற பின், பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து, “தம்பி, அவள் எந்த நாள் வருவாள்?” என்று கேட்டார்.

“முதல் நாள், அண்ணா.”

“அடுத்த ஆண்டு நானும் முதல் நாளே வருகிறேன்.”

வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவில்லை. திருவருகைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அதுவரை கண்டிராத பேத்திக்குக் கையில் ஒரு பொட்டலம் அல்வாவுடன், பெருங்களத்தூர் நிலையத்தில் இறங்கினார். “அப்பா ஐந்து நிமிடம் வாசலிலேயே நின்றார், சித்தப்பா, செருப்பைக் கழற்றவே தெரியாதவர் போல நின்றார்” என்று மகள் எங்களிடம் பின்னர் கூறினாள்.

2017 அக்டோபர் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. அடையாற்றில் சிவாஜிக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டதும் அன்றுதான். அன்று மாலை எங்கள் கூடத்தில் தமையனார், மகள், மருமகன், பேத்தி நால்வரும் ஒரே பாயில் அமர்ந்தனர். எந்தப் படம் ஓடியது என்பதை எங்களுள் எவரும் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை! சில வாரங்கள் கழித்துப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மணிமண்டபத்தையும் அவர் சுற்றிப் பார்த்தார்.

2019 கோடையில் தமையனார் இறைவனடி சேர்ந்தார். இறுதி நாட்களில் மருத்துவமனையில் இரவு விழித்திருந்தவர், அவர் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் நிறுத்தப்பட்ட அந்த மருமகனே.

இது ஒரு படம் செய்த அற்புதம் என்று சொல்ல நாங்கள் துணியோம். அன்னையார் ஆறு ஆண்டுகளாக உருட்டிய செபமாலை மணிகளை இறைவன் எண்ணியிருப்பார். ஆயினும் எங்கள் அறிவுரையால் திறவாத கதவு, ஒரு கலைஞன் கண்களில் காட்டிய துயரத்தால் திறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. பிறர் கதையைப் பார்க்கும்போது மனிதன் தன் காவலைத் தளர்த்துகிறான். ஊதாரி மைந்தனின் உவமையை ஆண்டவர் கதையாகவே சொன்னார் அல்லவா?

வாசக நேயர்களே! உங்களுக்குப் பிடித்த நடிகர் வேறொருவராக இருக்கலாம். எங்கள் மைத்துனருக்கு இருக்கிறாரே, அதைப்போல. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு நல்ல படம், சுவரில் ஒரு வேட்டி, அதன்பின் ஒரு மணி நேரப் பேச்சு: இவை போதும். அழைப்போர் பட்டியலை எழுதும்போது மட்டும் எங்களைப் போல் தவறிவிடாதீர்கள். பேசாதிருக்கும் இருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இருவரையும் ஒரே நாளில் அழையுங்கள். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று ஒத்திவைக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த அடுத்த ஆண்டு எல்லாருக்கும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.