ரூம்ல போட்ட பீர் ஆளைக் கொல்லுமா?

போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிஞ்ச கையோட நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். ஒரகடம் பக்கத்துல வடக்குப்பட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். "மச்சி, வாட்டர் கேன்ல பீர் போட்டேன். மேல வெள்ளையா ஆடை கட்டியிருக்கு. நேத்து ஒரு டம்ளர் குடிச்சுட்டேன். கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடுமாடா?"

இதுல ரெண்டு பயம் கலந்திருக்கு. பிரிச்சுப் பார்க்கலாம்.

ஒண்ணு, கிருமி. மால்ட் சாற்றைக் கொதிக்க வைக்கும்போது பெரும்பாலான கிருமிகள் செத்துடும். அதை ஆற வச்சு ஈஸ்ட் போடுற நேரம்தான் சிக்கல். கேன், குழாய், கரண்டி எதுல அழுக்கு இருந்தாலும் உள்ளே போயிடும். ஆனா நொதிக்க ஆரம்பிச்சதும் புளிப்பு ஏறும், ஆல்கஹால் உருவாகும், ஹாப்ஸோட கசப்பும் சேரும். சால்மொனெல்லா மாதிரி நோய்க்கிருமிகள் அங்க வளர்றது ரொம்பக் கஷ்டம். வளர்றது பெரும்பாலும் காட்டு ஈஸ்ட், இட்லி மாவைப் புளிக்க வைக்கிற வகை பாக்டீரியா, இல்லன்னா வினிகர் பாக்டீரியா. பீர் கெட்டுப்போகும், ஆள் பிழைச்சுக்குவான். பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தா மட்டும் யோசிக்காம கொட்டிடணும். நொதிச்சு முடியறதுக்குள்ள கண்ணாடி பாட்டில்ல அடைச்சா வெடிக்கும், அதுவும் ஆபத்து.

ரெண்டு, மெத்தனால். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல இறந்தாங்க. 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துலயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் 20 பேருக்கு மேல. காரணம் அழுக்குப் பாத்திரம் இல்ல, தொழிற்சாலைகள்ல பயன்படுற மெத்தனால். மால்ட் நொதிக்கும்போது அது உயிரை எடுக்குற அளவுக்கு உருவாகாது. வெளியிலிருந்து யாராவது கலந்தாத்தான் வரும். கலந்தா வாசனையிலயோ ருசியிலயோ கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரியவே ஒரு நாள்கூட ஆகலாம்.

அதனால நான் அவன்கிட்ட "கேனைக் கழுவுனியா?"ன்னு கேக்கல. "வேற எதையாவது வாங்கி ஊத்துனியா?"ன்னுதான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலே இல்ல. "கிக் பத்தலன்னா ஸ்பிரிட் வாங்கித் தரேன்னு ஒருத்தன் சொன்னான். வாங்கல மச்சி."

அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம பீர் போடுறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனா போலீஸுக்குப் பயந்துகிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துடாதீங்க. குடிச்ச பிறகு பார்வை மங்குனா, வாந்தி, வயித்துவலி வந்தா உடனே 108. என்ன குடிச்சீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. முறிவு மருந்து இருக்கு, சீக்கிரம் போனா உயிரும் பிழைக்கும், கண்ணும் பிழைக்கும்.

கேனை அன்னிக்கே சாக்கடையில கொட்டிட்டான்.