ஓட்டுவதிலும் ஓர் இன்பம்

பெண்ணுக்கு வாகனம் என்றால் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றவும் சந்தைக்குப் போகவும் மட்டும்தானா? ஓட்டுவதில் ஓர் இன்பமும் உண்டு. அது நமக்கு உரியதல்ல என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம்.

மஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற சிறிய காரைப் பாருங்கள். 1989 ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கைகள், மடிக்கக்கூடிய கூரை, 1.6 லீற்றர் இயந்திரம், எடை 1000 கிலோவுக்கும் குறைவு. காற்றை உள்ளே தள்ள டர்போ கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது இயந்திரம் தானே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மிதித்த அளவுக்கு, மிதித்த கணத்திலேயே வேகம் ஏறும்.

கனடாவில் என் சின்னம்மாவின் மகள் பழைய எம்.எக்ஸ்-5 ஒன்றைத் தன் உழைப்பில் வாங்கி வைத்திருக்கிறாள். நானும் ஓட்டிப் பார்த்தேன். இயந்திரத்தின் சத்தம் உயர உயர, எப்போது கியர் மாற்றுவதென்று காதே சொல்லியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. ஆனால் அத்தனையும் என் கைக்குள் இருந்தது. குதிரையும் அதில் ஏறியவரும் ஒன்றாதல் என்று இதை மஸ்டாக்காரர் சொல்வார்கள்.

இந்தக் காரைத் தயாரித்த ஊர் ஹிரோசிமா. 1945 ஓகஸ்ட் 6 இல் அணுகுண்டால் அழிந்த நகரம். குன்றின் மறைவில் தப்பிய தொழிற்சாலை, அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சில்லு லொறிகளை மீண்டும் செய்யத் தொடங்கியது. பிழைப்புக்கு லொறி செய்தவர்கள் பின்னாளில் மகிழ்ச்சிக்கும் ஒரு கார் செய்தார்கள்.

சகோதரிகளே, நமக்கும் பிழைப்பே முதல். ஆனால் இழந்தவர்கள் ஆசைப்படக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்கூட்டியோ ஆட்டோவோ, முதலில் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுங்கள். ஒருநாள் வேலை எதுவுமின்றி, உங்களுக்காக மட்டும் ஓட்டிப் பாருங்கள்.