முக்கோணவியலில் தலைகீழியும் நேர்மாறும்

தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் தலைகீழி, நேர்மாறு என்னும் சொற்களை வேறுபடுத்தியே ஆள்கின்றன. ஆயினும் முக்கோணவியலில் இவை மயங்குவதுண்டு. சைன் 30° இன் மதிப்பு 1/2. அதன் தலைகீழி 2. அதுவே கோசீகன்ட் 30°. நேர்மாறு சைன் சார்போ 1/2 என்னும் எண்ணைப் பெற்று 30° என்னும் கோணத்தைத் தருவது. (சைன் 150°உம் 1/2 ஆதலின், விடை −90° முதல் 90° வரை எனும் வரம்பு தேவைப்படுகிறது.)

மயக்கத்திற்குக் குறியீடே முதற்காரணம். சைனின்மேல் 2 என்னும் அடுக்கு நின்றால் வர்க்கம் என்று கற்ற மாணவர், −1 நின்றால் தலைகீழி எனக் கொள்வது இயல்பே, பிழை அவருடையதன்று. 1813இல் −1 குறியீட்டை முன்வைத்த ஜான் ஹெர்ஷல், அடுக்கு என்பது சார்பை அடுத்தடுத்துச் செயற்படுத்துவதைக் குறிக்கும் எனக் கொண்டார். அம்முறையில் 2 என்னும் அடுக்கு சைனின் சைனையே சுட்டும். பின்வந்த வழக்கோ −1ஐ அவர் வழியிலும் 2ஐ வர்க்கமாகவும் வைத்துக்கொண்டது.

தமிழிலும் ஓர் இடர் உண்டு. தலைகீழியைப் 'பெருக்கல் நேர்மாறு' என்றும் வழங்குகிறோம். அது தவறன்று. ஆனால் 'பெருக்கல்' என்னும் அடை நழுவியதும் கோசீகன்ட் சைனின் நேர்மாறாகத் தோன்றிவிடும். எனவே முக்கோணவியலில் கோசீகன்ட், சீகன்ட், கோடேன்ஜன்ட் மூன்றையும் விளக்குமிடத்துத் தலைகீழி என்பதையே ஆளுதல் நன்று. நேர்மாறு சைனை 'வில் சைன்' எனலாம். ஓரலகு ஆரமுள்ள வட்டத்தில் கோணத்தின் ரேடியன் அளவு அது வெட்டும் வில்லின் நீளமே ஆகும்.