பச்சைக் குழந்தைக்கு எதற்குத் தண்ணீர்?

சித்திரை வெயில் ஏறிவிட்டால் போதும், கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். "பிள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்குடி, ரெண்டு பாலாடை தண்ணி குடு" என்பார் அப்பத்தா. "டாக்டரம்மா கூடாதுன்னு சொல்லிருக்காங்க அப்பத்தா" என்று பேத்தி இழுப்பாள். "அவுகளுக்கென்ன, ஏசியில உக்காந்து சொல்லுவாக." அதற்குள் பாலாடை குழந்தையின் உதட்டுக்குப் போயிருக்கும். கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்த தண்ணீர்தான். ஆனால் சுத்தமான தண்ணீரும் அந்த வயதில் ஆபத்துதான்.

4 கிலோ எடையுள்ள குழந்தைக்குள் 200 மில்லி தண்ணீர் போவது, 60 கிலோ ஆள் ஒருவர் 3 லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம். நமக்கானால் பெரும்பாலும் சிறுநீராகப் போய்விடும். பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அந்த வேகம் இன்னும் கைவரவில்லை. மிஞ்சிய தண்ணீர் ரத்தத்தில் தங்கி, உப்புச்சத்தான சோடியத்தை நீர்க்க வைத்துவிடும். சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டும். அது 120, 125 என்று இறங்கினால் மூளையின் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து வீங்கும். குழந்தை சோர்ந்து படுக்கும், பால் குடிக்காது, முகம் லேசாக உப்பும், உடம்பு சில்லிட்டுப் போகும். பிறகு வலிப்பு. காய்ச்சலே இல்லாமல் வருகிற வலிப்பு என்பதால் பல வீடுகளில் முதலில் திருநீற்றைத்தான் தேடுகிறார்கள்.

அப்படியானால் தாகத்துக்கு? தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். ஜமைக்காவிலும் நம் நாட்டிலும் வெப்பம் மிகுந்த பகுதிகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கூடுதல் தண்ணீர் தேவைப்படவில்லை. வெயிலில் குழந்தை அடிக்கடி பால் கேட்கும், கொடுக்க வேண்டியதுதான். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய். குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதென்றால் கவலையே வேண்டாம். "நாங்கள்லாம் தண்ணி குடுத்துத்தான் வளத்தோம்" என்கிற பெரியவர்கள் பொய் சொல்லவில்லை, ஒரு கரண்டியில் யாருக்கும் வலிப்பு வந்துவிடாதுதான். ஆனால் அந்தக் கரண்டி ஒன்றோடு நிற்பதில்லை.

பாலாடையைவிட என்னை அதிகம் உறுத்துவது பால் பவுடர் டப்பா. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலை தட்டி, என்று கணக்கு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தையல் கம்பெனிக்குப் போகிறவள். 120 மில்லி பாட்டிலில் அவள் இரண்டரைக் கரண்டி போட்டதைப் பார்த்துவிட்டு, "நாலு போடணுமேம்மா" என்றேன். "இருபது தேதிக்கு மேல இப்படித்தாங்க்கா. சம்பளம் ஒண்ணாந்தேதிதானே" என்றாள். பாட்டில் வெள்ளையாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பால்.

இது நம்மூர் வறுமை மட்டும் இல்லை. பவுடர் தீர்ந்துபோன அமெரிக்க ஏழை வீடுகளில் இப்படித் தண்ணீர் மிஞ்சி வலிப்பு கண்ட குழந்தைகளைப் பற்றி 1991இல் அங்கே ஒரு மருத்துவ இதழ் எழுதியது. தலைப்பிலேயே 'கொள்ளைநோய்' என்ற சொல் இருந்தது. 1993இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பாட்டில் தண்ணீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது.

நம் நாட்டில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைகள், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 100க்கு 64 பேர். மற்றவர்கள் குடிப்பதில் எவ்வளவு தண்ணீர் என்று யார் கேட்கிறார்கள்? 6, 10, 14ஆம் வாரங்களில் பெரும்பாலான குழந்தைகள் தடுப்பூசிக்கு வருகின்றன. எடை போடுகிற கையோடு, "பவுடர் எப்படிக் கலக்குறீங்கம்மா, கலந்து காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அதட்டாமல் கேட்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் எந்தத் தாயும் இரண்டரைக் கரண்டியைச் சொல்ல மாட்டாள்.

ஆறு மாதம் முடிந்து, கூழும் மசித்த சாதமும் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தரலாம். அதற்கு முன் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்றால் அது டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில். காய்ச்சல் இல்லாமல் குழந்தை வெட்டி இழுத்தால், உடம்பு சில்லென்றிருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன கொடுத்தோம், எத்தனை தடவை என்று மறைக்காமல் சொல்லுங்கள். பவுடர் டப்பாவையும் அதற்குள் கிடக்கிற கரண்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.