உங்களுக்குத் தெரியுமா? பல் பிடுங்கிய பிறகும் தாடை முறியலாம்

கீழ்க்கடைவாயில் புதைந்த ஞானப்பல்லை எடுப்பதால் தாடை எலும்பு முறிவது மிக அரிது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. முறிவதும் பெரும்பாலும் பல் வைத்தியரின் கதிரையில் அல்ல. இரண்டு, மூன்று கிழமை கழித்து, நோவு அடங்கி வழமைபோலச் சாப்பிடத் தொடங்கும்போதுதான். பல் இருந்த குழியில் புது எலும்பு அப்போது இறுகியிராது. அந்த நேரம் புழுக்கொடியலைக் கடைவாயில் வைத்து நெரித்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கலாம். 40 வயது தாண்டிய, பற்கள் குறையாத ஆண்களுக்கே இந்த ஆபத்து கூட. அவர்களின் கடி அவ்வளவு வலுவானது. ஒரு மாதத்துக்குக் கஞ்சி, குழைந்த சோறு, இடியப்பம் போதும். சத்தம் கேட்டாலோ, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலப் பொருந்தாவிட்டாலோ, கீழுதடு புதிதாக விறைத்தாலோ கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கிட்டவுள்ளதற்கு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.