உடற்கூற்று நிலையும் திசைச் சொற்களும்

உடற்கூற்று நிலை என்பது மனித உடலின் உறுப்புகள் அமைந்துள்ள இடங்களை விளக்குவதற்கு உடற்கூற்றியலில் பொது அடிப்படையாகக் கொள்ளப்படும் நிற்கும் நிலை ஆகும். கையைத் தொங்கவிட்டிருக்கும்போது தோளுக்குக் கீழே இருக்கும் விரல்கள், கையை உயர்த்தியதும் தோளுக்கு மேலே சென்றுவிடுகின்றன. எனவே ஓர் உறுப்பு மற்றொன்றுக்கு மேலே உள்ளது எனக் கூறுவதற்கு, மாறாத ஒரு நிலை தேவைப்படுகிறது. நோயாளி படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும், விளக்கங்கள் இந்நிலையைக் கொண்டே தரப்படுகின்றன.

வரையறை

இந்நிலையில் உடல் நிமிர்ந்து நிற்கும். முகம், கண்கள், கால்விரல்கள் ஆகியன முன்னோக்கி இருக்கும். கைகள் உடலின் இருபுறமும் தொங்கும். உள்ளங்கைகள் முன்னோக்கித் திரும்பியிருக்கும். அப்போது கட்டைவிரல்கள் வெளிப்பக்கமாக அமையும்.

உள்ளங்கை முன்னோக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு. அப்போது முன்கையின் ஆரை எலும்பும் அரந்தி எலும்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பினால் ஆரை எலும்பு அரந்தியின் குறுக்கே செல்லும்.

திசைச் சொற்கள்

* மேல், கீழ்: தலையை நோக்கியது மேல்; பாதத்தை நோக்கியது கீழ். மூக்கு வாய்க்கு மேலே உள்ளது.
* முன், பின்: மார்பெலும்பு இதயத்திற்கு முன்னும், முதுகெலும்பு பின்னும் உள்ளன. தமிழில் முன்கை என்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியின் பெயராகும். அதற்கும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் உண்டு.
* நடுப்பக்கம், வெளிப்பக்கம்: உடலின் நடுக்கோட்டிற்கு அருகில் இருப்பது நடுப்பக்கம், விலகி இருப்பது வெளிப்பக்கம். சுண்டுவிரல் கட்டைவிரலுக்கு நடுப்பக்கத்தில் உள்ளது.
* அண்மை, சேய்மை: இவை பெரும்பாலும் கைகால்களுக்குப் பயன்படுகின்றன. உடலோடு இணையும் இடத்திற்கு நெருங்கியது அண்மை. முழங்கை மணிக்கட்டைவிட அண்மையிலும், விரல்நுனி சேய்மையிலும் உள்ளன.
* மேலோட்டம், ஆழம்: தோல் தசைக்கு மேலோட்டமாகவும், எலும்பு தசைக்கு ஆழத்திலும் உள்ளன.

தளங்கள்

உடலை இடம், வலம் எனப் பிரிப்பது அம்புத் தளம். அது சரியாக நடுவே செல்லுமாயின் நடுத் தளம் எனப்படும். முன், பின் எனப் பிரிப்பது நெற்றித் தளம். மேல், கீழ் எனப் பிரிப்பது குறுக்குத் தளம்.

இடமும் வலமும்

இடம், வலம் ஆகியன எப்போதும் நோயாளியின் இடமும் வலமுமே, பார்ப்பவருடையவை அல்ல. ஆகையால் கல்லீரலின் பெரும்பகுதி படத்தைப் பார்ப்பவரின் இடப்பக்கத்தில் தெரிந்தாலும், அது உடலின் வலப்பக்கத்திலேயே உள்ளது. சி.டி. வருடியின் குறுக்குவெட்டுப் படங்களும் வழக்கமாகப் பாதத்திலிருந்து தலையை நோக்கிப் பார்ப்பதுபோல் காட்டப்படுவதால், அவற்றிலும் இவ்வாறே தோன்றும். எக்சு கதிர்ப் படத்தில் பக்கத்தைக் குறிக்கும் எழுத்து இடப்படுவதும் இதனாலேயே. மார்புப் படம் இடவலம் மாறி வைக்கப்பட்டால், இயல்பான இதயமும் வலப்பக்க இதயம்போல் தோன்றும்.

இக்குழப்பம் அறுவைச் சிகிச்சையில் பெருந்தீங்காக முடியலாம். சிறுநீரகம், கண், முழங்கால் போன்றவை இரண்டிரண்டாக இருப்பதால், பக்கம் தவறினால் நலமான உறுப்பு வெட்டப்படும் ஆபத்து உண்டு. உலக சுகாதார அமைப்பு 2008 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கீறுவதற்கு முன் நோயாளி, அறுவை இடம், செய்முறை ஆகிய மூன்றையும் குழுவினர் வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது.

வரலாறு

ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கிய குழப்பத்தைக் குறைக்க, 1895 இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இலத்தீன் கலைச்சொற்களின் பட்டியல் ஏற்கப்பட்டது. 1998 இல் வெளியான டெர்மினோலோசியா அனட்டோமிகா என்னும் பன்னாட்டுத் தொகுப்பு இவ்வழியில் வந்ததாகும்.